ஏழாவது ஆள்

பட்டாளத்தில் பதினேழு வருஷம் முந்நூறு பேருக்குச் சமைத்த மனிதருக்கு, பஸ் டிப்போ கேன்டீனில் அறுபது பேருக்கு முட்டை பொரிப்பது ஒரு வேலையா? கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அப்படிப்பட்ட மெஸ்காரர் அந்த வியாழக்கிழமை காலையில் மூன்று முட்டையைக் கருக்கிவிட்டார். நாலாவதை உப்பே போடாமல் தட்டில் தள்ளினார்.

"என்ன மெஸ்காரரே, கைக்கு லீவு குடுத்துட்டீங்களா?" என்றான் ஒரு கண்டக்டர்.

"திங்கிறதா இருந்தா தின்னு. இல்லேன்னா எந்திரிச்சு வண்டியை எடு."

"வண்டியை டிரைவர்தான் எடுக்கணும். நான் விசில் மட்டும்தான்."

மற்ற நாளாக இருந்தால் மெஸ்காரர் இதற்குப் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பார். இன்றைக்கு அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். வெளியே மூன்று நாளாக விடாத மழை. டிப்போ முற்றம் முழுக்க டீசல் கலந்த தண்ணீர்.

பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெளியே போகிற உடுப்பை அதற்குள் மாற்றியிருந்தாள்.

"பத்து மணிக்கு விசாரணை. ஞாபகம் இருக்குல்ல?"

"நான் எதுக்கு? நீ எழுதிக் குடுத்த புகார். நீ போய்ப் பேசு."

"நல்லா இருக்கே கதை! போன் பண்ணினது நீங்க. எங்க அண்ணன் எடுக்கலேன்னு அந்த நர்ஸ்கிட்ட சொன்னது நீங்க. அவ தூங்கிட்டா. அதை நீங்க வந்து சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

மெஸ்காரர் கரண்டியை எடுத்துக் கருகிய கல்லைச் சுரண்ட ஆரம்பித்தார். அவர் அந்த நர்ஸுக்குப் போனே பண்ணவில்லை.

முதலில் இருந்து சொன்னால்தான் இது விளங்கும். அந்த ஊரில் நகராட்சியும் சுகாதார நிலையமும் பஸ் டிப்போவும் முன்னாள் படைவீரர் சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டு மையம் வைத்திருந்தார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பது, தங்க இடம் கொடுப்பது, மருந்து மாத்திரைக்கு வழி செய்வது எல்லாம் அங்கேதான். மெஸ்காரருக்குக் கேன்டீன் கிடைத்ததும் அதனால்தான். போன வருஷம் தனியாக இருந்த ஒரு பழைய சிப்பாய் வீட்டுக்குள்ளேயே செத்து மூன்று நாள் கிடந்தார். அதற்குப் பிறகு சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் ஒரு யோசனை சொன்னாள்.

பதினோரு பேர். தினமும் காலை ஆறு மணிக்கு முதல் ஆள் இரண்டாவது ஆளுக்குப் போன் பண்ண வேண்டும். இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு. இப்படியே போய், பதினோராவது ஆள் சுகாதார நிலையத்து மேஜை போனுக்கு அடித்து, "பதினொண்ணும் சரி" என்று சொல்வார். நர்ஸம்மா நோட்டில் எழுதிக்கொள்வாள். நடுவில் யாராவது எடுக்கவில்லையா? இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு உடனே நர்ஸம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். அவள் ஆம்புலன்ஸோடு போய்க் கதவைத் தட்டுவாள். பட்டாளத்துக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. பழைய காலை வருகைக் கணக்கு மாதிரியே இருந்தது அல்லவா?

மெஸ்காரர் ஆறாவது ஆள். ஏழாவது ஆள் ரேடியோ. மெஸ்காரர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். படையில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தவர் என்பதால் மட்டும் அந்தப் பெயர் வரவில்லை. வாயைத் திறந்தால் மூட மாட்டார். இரண்டு பேரும் ஒரே முகாமில் இருந்தவர்கள். மெஸ்காரர் ஒருமுறை அனுமதி இல்லாமல் வெளியே போய் மாட்டிக்கொள்ள இருந்தபோது, காலை வருகையில் ரேடியோ இரண்டு குரலில் "ஆஜர்" சொல்லிக் காப்பாற்றினார். அப்படி மெஸ்காரர் போனது வேறெங்கும் இல்லை, ரேடியோவின் தங்கையைப் பார்க்கத்தான். இது தெரிந்தபோது ரேடியோ ஒரு அறை விட்டார். பிறகு தானே நின்று கல்யாணத்தை முடித்து வைத்தார்.

ரேடியோவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், குடி. தன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. கூட்டு மையம் கொடுத்த ஒற்றை அறைக் குடியிருப்பில் இருந்தார். அங்கே குடிக்கக் கூடாது என்பது சட்டம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவர் போனை எடுக்கவில்லை. மெஸ்காரர் முறைப்படி நர்ஸம்மாவிடம் சொன்னார். ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு போய் நின்றது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தால், ரேடியோ நிறைபோதையில் தரையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அறையைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று நகராட்சி எழுத்தில் கொடுத்துவிட்டது.

"என்னை ஊர் சிரிக்க வச்சிட்டியே மாப்ள," என்றார் ரேடியோ. ஒரு மாதம் மெஸ்காரரோடு பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருந்தது சரித்திரத்திலேயே அப்போதுதான். கடைசியில் மெஸ்காரரே போய்க் கையைப் பிடித்தார். "இனிமே உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன் மச்சான். போதுமா?"

அந்தச் சத்தியம்தான் வினையாக வந்து விடிந்தது.

பத்தொன்பது நாளைக்கு முன்னால், காலை ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு மெஸ்காரர் ரேடியோவுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அடித்தார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் அடித்தார். அடுப்பில் பால் பொங்க வந்தது. 'ராத்திரி ஏத்திட்டுப் படுத்திருப்பான், மதியம் போய் நாலு கொடுக்கலாம்' என்று நினைத்துக்கொண்டார். ரேடியோவைத் தாண்டி, எட்டாவது ஆளான டாங்கிக்கு நேராகப் போன் போட்டார்.

"ரேடியோ இருக்கான். குளிக்கப் போறானாம், என்னையே உனக்கு அடிக்கச் சொன்னான்."

"ம்ம். சரி," என்றார் டாங்கி. படையில் டாங்கி ஓட்டியவர். கேள்வி கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பதினொண்ணும் சரி என்று நர்ஸம்மா எழுதிக்கொண்டாள். அந்த நேரத்தில் ரேடியோ குளியலறைத் தரையில் வாய் கோணி, ஒரு பக்கம் செயலிழந்து, கண்ணைத் திறந்தபடி கிடந்தார். அறைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்ததை அவர் கேட்டிருப்பார். பதினொன்றரைக்குத் தங்கை சாப்பாடு கொண்டுபோன பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

"காலையிலேயே கொண்டு வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம். இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் சட்டென்று நிமிர்ந்து கேட்டாள். "காலையில போன் பண்ணினீங்களா இல்லையா?"

"பண்ணினேன். எடுக்கல."

"எடுக்கலேன்னு அந்த நர்ஸ்கிட்ட சொன்னீங்கல்ல?"

"ம்," என்றார் மெஸ்காரர்.

அந்த ஒரு 'ம்'தான். வேறு ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை அவர். அழுகிற பெண்ணிடம் அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்வது, அப்புறம் சொல்லலாம் என்று இருந்தார். அப்புறம் என்பது வரவே இல்லை, புகார்தான் போயிற்று. இரண்டு பக்கம், மனைவியின் கையெழுத்து. நர்ஸை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று கடைசி வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் கதிதான்.

ரேடியோவை இப்போது தங்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். முன்னறையில் கட்டில். மழையில் எதுவும் காயாததால், வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி விரிப்புகள் தொங்கின. குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். தினமும் விடிந்ததும் மெஸ்காரர்தான் மச்சானைத் துடைத்துவிடுவார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, முகம், கழுத்து, அக்குள், முதுகு. புரட்டிப் போட்டு, விரிப்பை மாற்றி, பவுடர் தூவுவார். முந்நூறு பேருக்கு மாவு பிசைந்த கை, முரட்டுக் கை. அதைப் பூப்போல வைத்துச் செய்வார். ரேடியோ அவரையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியைத்தான் மெஸ்காரரால் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், சின்னச் சின்ன வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருந்தாள். மனைவி விடாமல் முயன்றாள்.

"பால் சொல்லு அண்ணா. பால். உதட்டை ஒட்டு. ப்பா..."

"ங்ங்," என்பார் ரேடியோ.

"தண்ணி சொல்லு. சரி, அது வேணாம். என்னைத் திட்டு பாப்போம். எருமைன்னு சொல்லுவியே, சொல்லு!"

"ங்ங்."

பத்தொன்பது நாளும் இதே பாட்டுத்தான்.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாடிவீட்டு அக்காவை ரேடியோ பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே குடையில் கூட்டு மையத்துக்கு நடந்தார்கள். நீள மேஜைக்குப் பின்னால் நகராட்சி அதிகாரி சளியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் மற்ற ஒன்பது பேரும் முதுகை நிமிர்த்தி வரிசையாக இருந்தார்கள். நர்ஸம்மா தனி நாற்காலியில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு. முப்பது வயது இருக்கும். அவள் புருஷனும் படையில்தான், எங்கேயோ எல்லையில். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான்.

அதிகாரி புகாரை வாசித்தார். "இவர் உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னதா இருக்கு. நீங்க போகலேன்னு இருக்கு. என்னம்மா சொல்றீங்க?"

"எனக்கு அப்படி ஒரு போன் வரல சார். பதினொண்ணும் சரின்னுதான் வந்துச்சு, எழுதினேன்."

"அப்ப மெஸ்காரர் பொய் சொல்றாரா?"

நர்ஸம்மா மெஸ்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்படிச் சொல்ல மாட்டேன் சார். பழைய போன் அது. மழைக்குக் கொஞ்சம் தகராறு பண்ணும். அவர் அடிச்சது எனக்கு விழாம போயிருக்கலாம்."

இவளும் மறைக்கிறாளே! யாருக்காக? தன் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டு, எனக்காகவா மறைக்கிறாள்? மெஸ்காரருக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தார். பழக்க தோஷம், குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்தன.

"போன் நல்லாத்தான் இருக்கு சார். நான் அடிக்கல. மச்சான் எடுக்கல, நான் அவனைத் தாண்டி அடுத்த ஆளுக்கு அடிச்சு, இருக்கான்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அதிகாரிக்கு மூக்கை உறிஞ்சவும் மறந்துவிட்டது. "ஏன்யா அப்படிப் பண்ணுனீங்க?"

"குடிச்சிருப்பான்னு நெனச்சேன் சார். ஆம்புலன்ஸ் வண்டி போச்சுன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லுவீங்க. காட்டிக் குடுக்க மனசு வரல."

டாங்கி எழுந்தார். "எனக்கும் தெரியும் சார். அந்த நேரத்துல ரேடியோ குளிக்கிற ஆளே இல்ல. கேக்கல, விட்டுட்டேன்."

அடுத்து மூன்றாவது ஆள் எழுந்தார். போன மாதம் நாலாவது ஆள் எடுக்காதபோது அவரும் தாண்டித்தான் போனாராம். ஒன்பதாவது ஆள், பத்தாவது ஆளுக்காக இரண்டு நாள். கடைசியில் பதினோராவது ஆள், படையில் ஊதுகுழல் வாசித்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் ரெண்டு மூணு தடவை எனக்கு யாரும் அடிக்காமலே, பதினொண்ணும் சரின்னு சொல்லியிருக்கேன். நம்ம பசங்க யாரும் மாட்டிக்கக் கூடாதுல்ல?"

நர்ஸம்மா நோட்டை விரித்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் அவள் கையெழுத்தில் பதினொண்ணும் சரி, பதினொண்ணும் சரி.

"இதுல எத்தனை நாள் நெஜம்?" என்று கேட்டாள்.

அதிகாரி நோட்டுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் அங்க தனியா இருக்காரு. கூட நாலு பேர் இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு நம்பித்தான் நான் இங்க தூங்குறேன். அவர் விழுந்து கெடந்தாலும் பக்கத்துல இருக்கிறவன் இப்படித்தான் சரின்னு சொல்லிட்டுப் போவானா?"

நோட்டை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். குண்டுச் சத்தத்துக்கு நடுவே நின்ற பத்துப் பேர் அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

மெஸ்காரர் மனைவி எழுந்து அவளிடம் போனாள். "என்னை மன்னிச்சிரும்மா," என்றாள். மேஜையில் இருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தாள். குடையை எடுக்காமலே மழையில் இறங்கிவிட்டாள்.

மெஸ்காரர் குடையோடு பின்னால் ஓடினார். தபால் நிலையத்து மூலையில்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது. குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். அவள் விலகி நடந்தாள்.

"நனையுற."

"நனைஞ்சா என்ன? பத்தொன்பது நாள்! ஒரே அடுப்பு, ஒரே பாய். ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு அந்தப் பொண்ணு தலையில தூக்கி வச்சேனே! என் கையால எழுதினேனே!"

"பயமா இருந்துச்சு."

"யாரைப் பாத்து? என்னைப் பாத்தா?"

"ஆமா. உன்னைப் பாத்துத்தான்."

அவள் நின்றாள். முகமெல்லாம் தண்ணீர். மழையா, கண்ணீரா என்று தெரியவில்லை.

"ரெண்டு தெரு தள்ளித்தான் அவன் ரூம். எடுக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேன். நர்ஸு வேண்டாம், வண்டி வேண்டாம், ஊருக்கே தெரிய வேண்டாம். நான் ஓடியிருப்பேன்ல?"

இது மெஸ்காரருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. சொல்வது என்றால் நர்ஸிடம் சொல்வது, மறைப்பது என்றால் எல்லோரிடமும் மறைப்பது. அவருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

"குடிச்சிருப்பான்னு நெனச்சேன்," என்றார் மறுபடியும்.

"நாப்பது நாள் ஆச்சு அவன் அதைத் தொட்டு!" என்று கத்தினாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "விழுந்த அன்னைக்கு நாப்பது நாள். என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டான். காலண்டர்ல கோடு போட்டுட்டு வந்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அவன் விடல. 'அம்பது நாள் ஆகட்டும், நானே மாப்ளகிட்ட சொல்றேன். இப்ப சொன்னா சிரிப்பான், நம்ப மாட்டான்'னான்."

மெஸ்காரரின் கையில் குடை சாய்ந்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

மாடிவீட்டு அக்காவை அனுப்பிவிட்டு, மனைவி துண்டை எடுத்து அவர்மேல் எறிந்தாள். "போய் அவன்கிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"இந்த நெலமையில கேட்டா தாங்குவானா?"

"தரையில ஆறு மணி நேரம் கெடந்ததைத் தாங்கினவன். போங்க."

மெஸ்காரர் தொங்கும் விரிப்புகளுக்குக் கீழே குனிந்து போய், கட்டில் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். ரேடியோ விழித்துக்கொண்டுதான் இருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகத்தின் நல்ல பாதி சிரித்தது.

"மச்சான். அன்னைக்குப் போன் அடிச்சது நான்தான். மூணு தடவை அடிச்சேன். நீ எடுக்கல. எடுக்கலேன்னு யார்கிட்டயும் சொல்லல. இருக்கான்னு சொல்லிட்டேன்."

ரேடியோ அசையாமல் கேட்டார். சிரிப்பு மட்டும் மெல்லப் போயிற்று. ஆனால் கோபம் வரவில்லை. காப்பாற்றத்தான் செய்திருப்பான் என்று புரிந்தது போலத் தலையைக் கொஞ்சம் ஆட்டினார். இடது கையை நகர்த்தி மெஸ்காரரின் முழங்கால்மேல் வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் மெஸ்காரர் மன்னிப்பு வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம்.

"நீ குடிச்சிட்டுப் படுத்திருக்கேன்னு நெனச்சிட்டேன் மச்சான்."

முழங்கால்மேல் இருந்த கை விலகியது. ரேடியோவின் கண் பெரிதானது. உதடு இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தலை தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தது. தொண்டைக்குள் என்னவோ முட்டி முட்டித் திரும்பிப் போயிற்று. மனைவி பயந்து ஓடி வந்து தலையைத் தாங்கினாள்.

"என்ன அண்ணா? தண்ணியா? மூச்சு முட்டுதா?"

ரேடியோ அவளைப் பார்க்கவில்லை. மெஸ்காரரையே பார்த்தார். இடது கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"கு... கு..."

"சொல்லு அண்ணா, சொல்லு!"

"குடி... க்கல."

எச்சில் வழிந்தது. மூச்சு வாங்கினார். விடவில்லை.

"குடிக்...கல. குடிக்கல."

பத்தொன்பது நாள் பாலையும் தண்ணீரையும் காட்டிக் காட்டி ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடந்த தங்கை அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பேசிட்டியே அண்ணா," என்றாள். "வாயைத் தொறந்து பேசின மொதப் பேச்சு இதுவா அண்ணா?" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மெஸ்காரர் மச்சானின் கையைச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை. "ஆமா மச்சான். நீ குடிக்கல. நாப்பது நாளா குடிக்கல. எனக்குத் தெரியும்," என்றார். ரேடியோ நம்பவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர் ஒவ்வொரு தடவை சொன்னதற்கும் மெஸ்காரர் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.